பொந்துக்கு அப்பால் ஒரு சாண்

மரம் வாங்குவதுதான் என் உத்தியோகம். கிண்டி தொழிற்பேட்டையில் நாற்காலி, மேஜை, அலமாரி செய்கிற ஒரு கம்பெனி. டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். மரக்கடைக்குப் போகிற ஆள் ஒருநாள் லீவு போட்டுவிட்டார், என்னை அனுப்பினார்கள். அதோடு சரி, ஓய்வு பெறும்வரை மரம்தான்.

ஒரு கட்டையைப் பார்த்தால் என் கண்ணுக்கு முதலில் படுவது அதன் குறைதான். இங்கே கணு, அங்கே வெடிப்பு, ஓரத்தில் வைரம் ஏறாத வெள்ளை, நடுவில் ஓட்டை. வாய்விட்டுச் சொல்லச் சொல்ல விலை இறங்கும். கடைக்காரர் முகம் சுருங்கும், நான் இன்னொரு குறையைக் காட்டுவேன். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது, "அம்மா, நீ அங்க வாயத் திறக்கவே கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப்போனாள்.

இத்தனைக்கும் நான் பார்த்ததெல்லாம் படுத்த மரம். அறுத்து, பட்டை உரித்து, அடுக்கி வைத்த மரம். நின்றுகொண்டிருக்கிற மரம் எனக்கு வெறும் நிழல். அடையாறில், ஆற்றை ஒட்டிய தெருவில், எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. முதல் மாடியில் என் வீட்டுப் பின் பால்கனியை உரசிக்கொண்டு அதன் ஒரு கிளை போகிறது. என் இடுப்புக்கு ஈடான பருமன். அதன் மேல் எத்தனையோ வருஷம் கால்மிதியும் தலையணை உறையும் காயப்போட்டிருக்கிறேன். அதைத் தாண்டி அந்தக் கிளையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை.

எனக்கு நேர் கீழ் வீட்டில் பாட்டு டீச்சர் இருக்கிறார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், இங்கே வந்து ரொம்ப நாளாகிறது, தனியாகத்தான் இருக்கிறார். பின்பக்க வராண்டாவுக்கு ஷீட் போட்டு அங்கே பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு வருமானம் அதுதான், பேச்சுத்துணையும் அதுதான். சாயங்காலம் நாலரைக்கு சுருதிப்பெட்டி ஆரம்பித்தால் நான் காபி போட எழுந்துகொள்வேன். என் பால்கனி கிளை அவருடைய அந்த ஷீட்டுக்கு மேலேதான் நீண்டு போகிறது.

ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் சுழற்றிச் சுழற்றிக் காற்று அடித்தது. அந்தப் பெரிய கிளையின் நுனியிலிருந்து ஒரு கொம்பு முறிந்து, ஷீட்டின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வாசற்படிக்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளைகள் செருப்பு விடுகிற இடம் அது. எல்லோரும் உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கொம்புக்கு அடியில் வரிசையாக நசுங்கிக் கிடந்த சின்னச் சின்னச் செருப்புகளை, கூட்டிப்போக வந்த அம்மாக்கள் பார்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வந்தது. இன்னொன்றுக்கு நீச்சல் வகுப்பு. இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. இரண்டே இரண்டு பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

"விஜயதசமிக்குப் புதுசா யாரும் சேரலேன்னா அவ்வளவுதான். வகுப்ப மூடிண்டு நான் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்," என்று குடியிருப்புக் கூட்டத்தில் டீச்சர் சொன்னார். கண் கலங்கிவிட்டது. "நான் யாரையும் தப்புச் சொல்லலே. என் பொண்ணா இருந்தா நானும் அனுப்பமாட்டேன். அந்த மரத்த எடுத்துடுங்கோ."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான். எங்கள் செயலாளர் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், காரியத்தில் கெட்டிக்காரர். விழுந்த கொம்பின் போட்டோவை வைத்து மனு கொடுத்து, அலைந்து, அனுமதியையும் வாங்கிவிட்டார். மரம் வெட்டுகிற மேஸ்திரி ஒருவரையும் பிடித்துவிட்டார்.

இங்கே மரம் வெட்டுகிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி வருவார், மரத்தைச் சுற்றி வருவார், மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார். தடி நல்ல தடியாக இருந்தால் நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், மரத்தை அவரே எடுத்துக்கொண்டு இடத்தையும் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். தடி சரியில்லை என்றால் கூலியை நீங்கள் தர வேண்டும். அதனால் பாருங்கள், முழு மரத்தையும் சாய்ப்பது பல வீடுகளில் இலவசம். ஆபத்தான கொம்பை மட்டும் கழித்துவிட்டு மரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால்தான் பையில் கை விட வேண்டும், ஏனென்றால் சுள்ளியை எவரும் வாங்குவதில்லை. மரம் போவதற்குச் செலவில்லை, இருப்பதற்குத்தான் செலவு. இந்த வழக்கம் எனக்குத் தெரியும். அதில் இருக்கிற கோணல் மட்டும் அதுவரை உறைத்ததில்லை.

மேஸ்திரி வந்தார். நடுவயசு, கயிறும் மெஷினுமாக ஒரு பழைய பைக். முன்பு எங்கள் ஆற்றங்கரையிலேயே குடியிருந்தவராம். இப்போது ஊருக்கு வெளியே வீடு கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து வருகிறார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். அடித்தண்டைக் கையால் அணைத்து அளந்தார்.

"ஒண்ணும் தர வேணாம் சார். நானே எட்த்துக்கறேன். ரெண்டு நாள்ல கிளீனா ஆய்டும் உங்க எடம்," என்றார்.

செயலாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னால் போய் அடித்தண்டை விரல் முட்டியால் தட்டினேன்.

"என்னத்த எடுப்பீங்க?" என்றேன். "இதுக்குள்ள முழுக்க இரும்பு. அந்தக் காலத்துல பேட்மின்டன் வலைக்கு இங்க கொக்கி அடிச்சாங்க. ஊஞ்சல் சங்கிலிக்கு போல்ட் போட்டாங்க. துணிக்கொடிக்கு ஆணி. எல்லாத்தையும் மரம் முழுங்கிடுச்சு, மேல பட்டை மூடிருக்கு. மில்லுல வச்சா பிளேடு போயிடும். அந்தப் பெரிய கிளையப் பாருங்க, கவட்டை கிட்ட பொந்து. நடுவுல ஓட்டைதான் இருக்கும். இதுக்குப் போய் யாரு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை நான் வாங்குகிறவள் இல்லை. விற்கிற பக்கம் நின்றுகொண்டு, எங்கள் சரக்குக்கு நானே குறை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மேஸ்திரி என்னையே பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். "இன்னாமா இது, நல்லா சொன்னீங்க. இது தெரியாம நான் பாட்டுக்கு எட்த்துக்கறேன்னு சொல்லிக்கினு கீறேன்," என்று சிரித்தார். "இரும்பு கீதுன்னா இந்தத் தண்டு அடுப்புக்குத்தான். வெறகு வெலைக்கு வெட்டினா என் ஆளுங்க கூலியே வராது. பில்டிங்குக்கு நடுவுல கயிறு கட்டி எறக்கணும், வண்டி வாடகை வேற. காசு குடுத்தா வெட்டறேன் சார்."

அவர் கேட்ட தொகையைக் கேட்டதும் கூட்டம் கலைந்தது. செயலாளர் மூச்சைப் பலமாக விட்டார். டீச்சர்தான் நேராகக் கேட்டார்: "நீங்க வேணும்னே பண்ணேளா?"

இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். எனக்கே என் மேல் அப்படி ஓர் எரிச்சல். நாலரைக்குக் கீழே சுருதிப்பெட்டி கேட்டது, பாட்டுச் சத்தம் மெலிந்து போயிருந்தது. அன்றைக்கு நான் காபி போட எழுந்திருக்கவில்லை.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொந்து எவ்வளவு தூரம் போகிறது? வாயால் சொல்லிவிட்டேனே தவிர எனக்கே தெரியாது. மரக்கடையில் இதற்கு ஒரு முறை உண்டு. கட்டையின் ஒரு முனையில் ஒருவர் காசால் தட்டுவார், மறுமுனையில் இன்னொருவர் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கெட்டியாக இருந்தால் ஒலி பளிச்சென்று வரும், ஓட்டை என்றால் மங்கிப்போகும். மறுநாள் மத்தியானம் பால்கனியில் துணிகளை ஒதுக்கிவிட்டு, கிளையில் காதை வைத்து, தோசைத்திருப்பியின் காம்பால் தட்டினேன்.

மங்கலாகத்தான் வந்தது. நினைத்தது சரி என்று ஒரு திருப்தி. மறுபடி தட்டினேன். அப்போது, நான் தட்டாமலே, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நகத்தால் பிராண்டுகிற மாதிரி. கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

காதை எடுத்துவிட்டேன். எலியா? பாம்பா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சீரியல் போனது, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் குறைந்து மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக மடிந்துகொண்டன. கவட்டை பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி இருந்த அந்தப் பொந்தின் வாயில் ஒரு தட்டையான முகம் வந்து நின்றது.

ஆந்தை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தது. தலையைத் தாழ்த்திப் பார்த்தது, உயர்த்திப் பார்த்தது, சாய்த்துப் பார்த்தது. மரக்கடையில் நான் ஒரு கட்டையைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. அதற்கு என்னிடம் என்னென்ன குறை தெரிந்ததோ. பின்னாலிருந்து இன்னொன்று அதை நெட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டும் கிளையில் ஒட்டி உட்கார்ந்து கிரீச் கிரீச்சென்று சண்டை போட்டன. அந்தச் சத்தத்தை நான் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். எண்ணெய் காணாத கேட் என்று நினைத்து வாட்ச்மேனை வேறு பலமுறை திட்டியிருக்கிறேன்.

அப்புறம் எனக்கு ஒரே கேள்வி மயம். தெருவில் இத்தனை மரம் இருக்க இதுகள் ஏன் இங்கே? காலையில் நடக்கப் போகும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன், நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரில் முட்டிக்கொண்டேன். பழைய புயல் ஒன்றில் எங்கள் தெருவின் பெரிய மரங்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. அப்புறம் வைத்ததெல்லாம் இளமரம். நேராக, வழவழப்பாக, ஒரு கணு இல்லாமல், நான் பார்த்தால் உடனே வாங்கக்கூடிய மரம். ஒன்றில்கூடப் பொந்து இல்லை. ஆந்தைக்குக் குடையத் தெரியாது. எப்போதோ ஒரு கொம்பு ஒடிந்து, அந்தக் காயத்தில் தண்ணீர் இறங்கி, உள்ளே உளுத்து, வருஷக்கணக்கில் தானாகக் குழிந்தால்தான் அதற்கு வீடு.

ஒரு பழைய சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. மரக்கடையில் ஒரு பெரிய தடியை அறுத்தபோது நடுவில் நீளமாக ஓட்டை, ஓட்டைக்குள் இறகும் முட்டை ஓடும். நான் அதைக் காட்டியே நன்றாக விலையைக் குறைத்தேன். கடைக்காரர் புலம்பினார், ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள். அந்த இறகு யாருடையது என்று எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. இப்போது பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு காலம் கழித்து, தெரிந்துகொள்ளாமல் போனோமே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

வருத்தம் ஒரு பக்கம், விஜயதசமி ஒரு பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரிக்கு போன் போட்டு வரச்சொன்னேன். இந்தத் தடவை வாங்குகிறவள் மாதிரி பேசக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அடித்தண்டுல இரும்பு இருக்குன்னுதானே வேணாம்னீங்க," என்று ஆரம்பித்தேன். "பெரிய கிளைக்கு யாரும் ஒரு ஆணியும் அடிச்சதில்ல. கீழேருந்து அவ்வளவு ஒசரத்துக்கு யாரு ஏறுவா? நானும் துணி காயப்போட்டதோட சரி. பொந்து முடிஞ்சதுக்கு அப்புறம் எவ்வளவு நீளம் பாருங்க. நல்ல பழுப்பு வைரம் இருக்கும். அத மட்டும் எடுத்துக்குங்க. மத்த பக்கம் நுனில காஞ்ச கொம்பு நாலஞ்சு இருக்கு, அதையும் கழிச்சு விட்டுடுங்க. காசு கிடையாது."

அவர் தாடையைச் சொறிந்தார். "கெளையை எட்த்துக்கறேன்மா. ஆனா கவட்டையோட எடுப்பேன். அங்கதான் பருமன்."

"அங்க ஓட்டை. ஓட்டைக்கு யாரு காசு தருவா?"

"அப்ப எதுக்குமா அத்த வச்சிக்கினு கீறீங்க?"

சொன்னேன். ஆந்தை என்றதும் அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியமும் படவில்லை. "நமக்கு இன்னா, ஓட்டையைத் தூக்கிக்கினு போனா வண்டிக்குத்தான் வெயிட்டு," என்றார். "ஆனா ஒண்ணு. ஓட்டை எங்க முடியுதுன்னு கரெக்டா தெரியணும். உள்ள தள்ளி அறுத்தேன்னு வைங்க, என் தடி முனையும் ஓட்டையாப் பூடும், உங்க துண்டும் ரெண்டு பக்கமும் தெறந்த பைப்பு மாதிரி ஆய்டும். மழைத் தண்ணி பூந்துச்சுன்னா உள்ள எது தங்கும்? ரொம்ப வெளிய தள்ளினா எனக்குக் கட்டை நஷ்டம்."

சரியான பேச்சு. செலவில்லை என்றதும் செயலாளர் உடனே தலையாட்டிவிட்டார். டீச்சரிடம் நானே போனேன்.

"அப்போ முழுசா எடுக்கப்போறதில்லே," என்றார்.

"ஷீட்டுக்கு மேல இருக்கிற கிளை போயிடும், டீச்சர். ஒரு சின்ன துண்டு மட்டும் ஓரமா நிக்கும்."

"அந்தத் துண்டும் எங்காத்து வராண்டா மூலைக்கு மேலதானே? அதுல ஆந்தை வேற." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "ஆந்தை இருக்குன்னு ஒரு அம்மா காதுல விழட்டும், புதுசா வர்ற பொண்ணும் வரமாட்டா. உங்களுக்கு அது வேடிக்கை. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்கோ."

முழுசாக எடுக்கப் பணம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. என்ன வேணா பண்ணிக்கோங்கோ என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வெட்டுகிற அன்று காலையில் நானும் மேஸ்திரியும் என் பால்கனியில் நின்று மல்லுக்கட்டினோம். அவர் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தைக் காட்டினார். நான் ஐந்து ரூபாய்க் காசால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, இல்லை, இன்னும் உள்ளே என்றேன். அவர் இன்னும் வெளியே என்றார். என் காதுக்கும் வயசாகிவிட்டது, தெருவில் தண்ணீர் லாரி வேறு. மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தோம்.

"நிறுத்துங்கோ!"

கீழேயிருந்து டீச்சர். வராண்டாவுக்கு வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றார்.

"என்ன தட்டறேள் ரெண்டு பேரும், காது கூசறது! ரெண்டுமே தப்பு. ரெண்டு எடத்துலயும் ஒரே பொத்தல் சத்தம்தான் வர்றது. இன்னும் தள்ளித் தட்டுங்கோ."

மேஸ்திரி தள்ளித் தட்டினார்.

"இன்னும்."

தட்டினார்.

"இது கலப்படமா இருக்கு. இருங்கோ, நான் வரேன்."

வந்தார். என் வீட்டுப்படி ஏறி அவர் வந்து பல வாரமாகியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்து காசை மட்டும் வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தார். கிளையில் கிடந்த என் கால்மிதியை எடுத்து ஒரு ஓரமாகப் போட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, காதைக் கிளையில் வைத்தார்.

"இப்போ அங்கேருந்து ஒவ்வொரு விரக்கடையா வாங்கோ. பலமாத் தட்டாதேங்கோ. ஒரே அளவாத் தட்டுங்கோ, தாளம் மாதிரி."

மேஸ்திரி தட்டினார். எனக்கு எல்லாத் தட்டலும் ஒன்றுபோலத்தான் கேட்டது. டீச்சரின் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. சுருதி சேர்க்கும்போது அப்படித்தான் அசையும். கொஞ்ச நேரம் கழித்து உதடு நின்றது.

"இதுதான். இங்கேதான் மாறறது. இதுக்கு முன்னாடி கடத்துல தட்டின மாதிரி இருந்தது, இப்போ அம்மிக்கல்லுல தட்டின மாதிரி இருக்கு." கண்ணைத் திறந்தார். "உள்ளே என்னமோ பிராண்டறது."

"அதுதான் டீச்சர்," என்றேன்.

அவர் காதை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு சாண் விட்டு அறுங்கோ," என்று கையை விரித்து வைத்து அளந்து, என் சமையலறையிலிருந்து கோலமாவை எடுத்துவரச் சொல்லி, தண்ணீர் தொட்டு அவரே கோடு போட்டார். "முனை கெட்டியா இருந்தாத்தான் தண்ணி எறங்காது. தண்ணி எறங்கினா உளுத்துப்போய் எங்காத்து மேலதானே விழும்."

அவர் அவருடைய கூரைக்காகத்தான் சொன்னார். ஆனால் மேஸ்திரிக்கும் ஆந்தைக்கும் அதே கோடுதான் வேண்டியிருந்தது.

மேலே ஏறிய ஆள் கிளையின் நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார். கடைசியாக வெள்ளைக் கோட்டில் மெஷின் இறங்கியது. நானும் டீச்சரும் பால்கனிக் கதவுக்குள் நின்று பார்த்தோம். கட்டை பிரிந்து கயிற்றில் ஊசலாடியபோது அதன் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு பொத்தல் இல்லை. நடுவில் ஈரம் மின்னுகிற அடர்ந்த பழுப்பு, சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளை வளையம். என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாத கட்டை. நான் வாயைத் திறந்து, "அடடா, என்ன அழகு," என்றேன். கீழேயிருந்து மேஸ்திரி, "இப்ப சொல்லுங்கமா!" என்று கத்தினார்.

மரத்தில் ஒரு ஆள் நீளத்துக்குத் துண்டு நின்றது. பொந்து அதில் அப்படியே இருந்தது.

ஆந்தைகளைத்தான் காணவில்லை. மெஷின் சத்தத்தில் எப்போது பறந்தனவோ தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் இல்லை. நான் காதை வைத்துத் தட்டிப் பார்த்தேன், உள்ளே ஒரு அசைவும் இல்லை. கேட் சத்தம் கேட்டால் வெளியே ஓடி வந்தேன், நிஜமாகவே கேட்தான். இவ்வளவு மெனக்கெட்டு ஒரு காலி ஓட்டையைக் காப்பாற்றியிருக்கிறோமோ என்று எனக்கே சிரிப்பும் அழுகையுமாக இருந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வகுப்பு முடிந்த நேரத்தில், கீழேயிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். அத்தனை வாரத்தில் அவராக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வந்துதா?"

"இல்ல டீச்சர்."

"ஓ," என்றார். "சத்தம் அடங்கினா வரும்." மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும்.

சரஸ்வதி பூஜைக்கு முதல்நாள் நல்ல மழை. விட்டதும் நான் பால்கனியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிரீச்சென்றது. பொந்தின் வாயில் தட்டையாக ஒரு முகம். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது. நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, மெதுவாகத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் மறந்து, "டீச்சர்!" என்று கத்தினேன். அது உள்ளே போய்விட்டது. கீழே டீச்சர் ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் நனைந்த தரையில் நின்றுகொண்டே இருந்தார்.

விஜயதசமி அன்று காலையில் வராண்டாவில் மாக்கோலம், வாசலில் மாவிலை. பழைய பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நின்றுபோனவர்களில் ஒருத்தியும் வந்திருந்தாள். அப்புறம் புதிதாக ஒரு அம்மா, பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அண்ணாந்து அந்தத் துண்டுக் கிளையைப் பார்த்தார்.

"டீச்சர், இங்கதானே கிளை விழுந்துச்சு? அது இன்னும் நிக்குதே, விழாதா?"

மேலேயிருந்து, ஷீட் பெயர்ந்த ஓரத்தின் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விழாது என்று இறங்கிப்போய்ச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும்.

எப்போதும் டீச்சர் உட்காருவது உள்ளே, சுவரை ஒட்டி. அங்கே விரித்திருந்த தன் பாயைச் சுருட்டி எடுத்தார். வராண்டாவின் வெளி மூலைக்கு வந்தார், அந்தத் துண்டுக் கிளைக்கு நேர் கீழே. அங்கே பாயை விரித்தார். சுருதிப்பெட்டியையும் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள்லாம் செவுரோரமா உக்காருங்கோ," என்றார்.

பிறகு, தான் உட்கார்ந்துகொண்டு, அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் காத வச்சுக் கேட்டுட்டேன். விழாது. அப்படியே விழுந்தாலும் என் மேலதான் விழும். கொழந்தைய உள்ளே விடுங்கோ."

சுருதிப்பெட்டி ஆரம்பித்தது. அந்த அம்மா இன்னும் ஒருமுறை மேலே பார்த்தார். அப்புறம் குனிந்து, மகளின் செருப்பைக் கழற்றி, முன்பு கொம்பு விழுந்த அதே இடத்தில் மற்ற செருப்புகளோடு வைத்தார்.